ரெண்டு முட்டிக்கும் சேர்த்து

என் ரெண்டு முட்டியையும் ஒரே நாளில் மாற்றினார்கள். நல்லபடியாக ஆனதா என்று கேட்டவர்களுக்கு ரொம்ப நாள் நான் நேராகப் பதில் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் என் சம்சாரம். நிஜமாகவே தெரியாததும் ஒரு காரணம்.

துறைமுகத்தில் மூட்டை கேங்கில் இருந்தேன். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி மூட்டைகளைக் கயிற்று வலையில் அடுக்கிக் கொடுக்கிற வேலை. இறங்க இரும்பு ஏணி உண்டு. அது கடைசிவரை வராது. முடிகிற இடத்திலிருந்து மூட்டை மேல் குதிப்போம். வயசில் அது ஒரு விளையாட்டு. குதித்ததெல்லாம் முட்டியில் போய்ச் சேர்ந்துவிட்டது.

கால் ரெண்டும் வெளிப்பக்கமாக வளைந்துகொண்டே போனது. கல்மண்டபம் முனையில் நான் திரும்பினாலே டீக்கடையில் கிளாஸ் கழுவ ஆரம்பித்துவிடுவார்கள். முகம் தெரிய வேண்டாம், நடை போதும். மூட்டைக்கு ஒரு முனை நான், மறுமுனை என் ஜோடிக்காரன். அவன் சொல்லுவான், "நைனா, உன் காலு நடுவுல நாயி பூந்து போவுது. உனுக்கே தெர்ல." நானும் சிரிப்பேன்.

வலி ரெண்டிலும் இருந்தது. ஆனால் சமமாக இல்லை. வலது ரொம்ப மோசம். இடது கொஞ்சம் தேவலை. அதனால் இடது நல்ல கால், வலது கெட்ட கால். படி ஏற நல்ல கால் முதலில், இறங்க கெட்ட கால் முதலில். யாரும் சொல்லித் தரவில்லை. வலியே சொல்லிக் கொடுத்தது. ரயில் மேம்பாலம், பஸ், கோயில் படி, எல்லாம் அந்தக் கணக்கில்தான் ஓடியது.

அப்புறம் சரக்கெல்லாம் கன்டெய்னர் பெட்டியில் வர ஆரம்பித்தது. மூட்டை குறைந்தது. என்னைச் சரக்குக் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். அந்தக் கொட்டகைக்கு நடந்து போகவும் முடியாமல் போனபோது ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தார். "ரெண்டும் தேஞ்சுபோச்சு. ரெண்டையும் ஒண்ணா மாத்திடலாம்."

"ஒண்ணு மாத்திட்டுப் பாக்கலாமா சார்?"

"ஒண்ணு நேரா நிக்கும், ஒண்ணு வளைஞ்சு நிக்கும். எதுல நடப்பீங்க? அதுவும் இல்லாம, ஒண்ணு பண்ணிக்கிட்டவங்க நிறையப் பேரு வலிக்குப் பயந்து ரெண்டாவதுக்கு வர்றதே இல்ல. உங்களுக்குச் சர்க்கரை இல்ல, நெஞ்சும் நல்லா இருக்கு. ஒரே தடவையில முடிச்சிடலாம்."

கூட வந்திருந்த என் சம்சாரம் அப்போது கேட்டாள்: "ரெண்டும் ஒண்ணா கெட்டுப் போச்சின்னா சார்?"

"கெடாதும்மா" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஒரு காலில் கைவைத்தால் இன்னொன்றாவது மிஞ்சும் என்பது அவள் எண்ணம். தப்பு இல்லை.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போனது. பாதித் தூக்கத்தில் இருந்தேன். எங்கேயோ சுத்தியல் சத்தம் கேட்டது. பக்கத்துக் கப்பலில் துரு தட்டுகிறார்கள் போல என்று நினைத்தேன். என் எலும்பு என்று தோன்றவில்லை.

மரப்பு விட்டதும் வலி வந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் வலித்தால் மறுபக்கம் சாய்வோம். ரெண்டு பக்கமும் வலித்தால் சாய இடம் இல்லை. அவ்வளவுதான்.

நாலு கால் வைத்த அலுமினியத் தாங்கியைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். நல்ல பெண். முட்டியை மடக்கச் சொல்லி அழுத்துவாள், நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனாள்.

"ஐயா, ஞாபகம் வெச்சுக்கோங்க. ஏறும்போது நல்ல காலை முதல்ல வைங்க. இறங்கும்போது ஆபரேஷன் பண்ண காலை முதல்ல வைங்க."

நான் ஒரு காலைப் பார்த்தேன். இன்னொரு காலைப் பார்த்தேன்.

"நல்ல காலு எதும்மா?"

அவளும் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "ரெண்டும் பண்ணிட்டாங்கல்ல... மறந்துட்டேன். எது உங்களுக்குத் தெம்பா தெரியுதோ அதுதான் ஐயா நல்ல கால்."

எது தெம்பு என்று பார்த்தேன். காலையில் இடதாக இருந்தது. சாயங்காலம் வலதாக இருந்தது. மறுநாள் ரெண்டும் இல்லை. இத்தனை வருஷமாக வைத்திருந்த கணக்கு போய்விட்டது. படி முன்னால் நான் நிற்பேன், சிக்னல் கிடைக்காமல் கொருக்குப்பேட்டையில் நிற்கிற கூட்ஸ் வண்டி மாதிரி. பின்னால் வருகிறவர்கள் நெஞ்சு அடைக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை, கால் தெரியவில்லை என்பேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டர் சொன்னார். தரையில் உட்காரக் கூடாது. குந்தக் கூடாது. முட்டி போடக் கூடாது.

"கோயில்லகூடவா சார்?" என்று என் சம்சாரம் கேட்டாள்.

"எங்கயும் கூடாதும்மா."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. மாதா கோயில் பூசையில் எல்லாரும் முட்டி போடும்போது நான் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பேனே, அதற்காக என்று நினைத்தேன்.

வீட்டில் எல்லாம் மாறியிருந்தது. மாறியது நான்தான். கால் நேரானதில் கொஞ்சம் உயர்ந்துவிட்டேன். துணி காயப்போடுகிற கம்பி நெற்றியில் பட்டது. கைலி கணுக்காலுக்கு மேலே நின்றது. சந்து நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவவில்லை. கிட்டே போய் நின்ற பிறகு, "அட, நீயா? யாரோ வாடகைக்கு வூடு கேட்டு வர்றாங்கன்னு பாத்தேன்" என்றார்.

கக்கூசுக்கு பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டு வைத்தோம். சாப்பாடு நாற்காலியில். அவள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அவள் வகிடு முழுக்க நரைத்திருப்பதை மேலே இருந்துதான் முதலில் பார்த்தேன்.

தாங்கி போய்த் தடி வந்தது. தடியும் ஒருநாள் மூலைக்குப் போனது. அன்றைக்கு அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"காலு நல்லா ஆயிட்ச்சா?"

"ஆவுது."

"ஆவுதான்னு கேக்கல. ஆயிட்ச்சான்னு கேட்டேன்."

"இன்னாத்துக்கு?"

கையைக் கழுவினாள். கழுவிவிட்டுச் சொன்னாள். "உன்ன உள்ள தள்ளிகினு போனாங்க. கதவ சாத்திட்டாங்க. எனுக்கு ஒண்ணியும் ஓடல. ரெண்டு காலும் நல்லானா, கோயில் வாசல்லேந்து பீடம் வரிக்கும் நீ முட்டியாலியே நடந்து வருவேன்னு மாதாகிட்ட நேர்ந்துகினேன்."



"முட்டி ஆபரேஷனுக்கு முட்டி போட்றதா நேர்ந்துகினியா?"

"வேற இன்னா நேர? மொட்டை போட்றேன்னா? முடிக்கும் முட்டிக்கும் இன்னாய்யா சம்மந்தம்?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் வழக்கமே அப்படி. கண் நோவுக்குக் கண் மாதிரி வெள்ளித் தகடு வாங்கி வைப்பார்கள். கை நோவுக்குக் கை. நோவு எங்கேயோ காணிக்கையும் அங்கேதான். கதவுக்கு வெளியே நின்றவளுக்கு முட்டி நோவுக்கு முட்டிதான் தோன்றியிருக்கிறது. டாக்டர் பின்னால் இப்படிச் சொல்லுவார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"டாக்டரு கூடாதுன்னாரே."

"கேட்டேன். நானும் அங்கதானே இருந்தேன்."

"அப்ப வுடு."

"வுட முடியாது. நேர்ந்துட்டுச் செய்யலைன்னா குடுத்தத எடுத்துக்குவா. ரெண்டையும் எடுத்துக்குவா." அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. நிஜமாகவே பயந்திருந்தாள்.

இதுதான் சிக்கல். முட்டி போட்டால் கால் கெடும் என்பது டாக்டர். போடாவிட்டால் கால் கெடும் என்பது இவள். நடுவில் ஒரு வார்த்தை நின்றது. நல்லானா என்றுதான் நேர்ந்திருக்கிறாள். ஆகவில்லை என்றால் நேர்ந்த பொருத்தனையும் இல்லை. ஆயிற்றா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் நான்.

எனக்குத் தெரியவில்லை. பழைய வலி போய்விட்டது. அது நிஜம். அந்த இடத்தில் வேறு என்ன வந்தது என்று புரியவில்லை. முட்டியின் வெளிப்பக்கம் தோல் மரத்துக் கிடந்தது. கொசு உட்கார்ந்தால் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். உள்ளே சூடு இருந்துகொண்டே இருந்தது. எழுந்திருக்கும்போது டக்கென்று ஒரு சத்தம். வலி இருந்தபோது கால் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரியும். இப்போது குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இதற்கு நல்லா ஆச்சு என்று பேரா? சரியாகச் சொல்லத் தெரிந்தால் சொல்லியிருப்பேன்.

கேட்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பதில் வைத்துக்கொண்டேன்.

"காலு எப்டி கீது?"

"கீது."

ஜோடிக்காரன் பார்க்க வந்தான். வீட்டுக்குள் என் சம்சாரம் அடுப்பில் நின்றாள். காது இங்கே இருந்தது.

"இன்னா நைனா, கீது கீதுன்ற. காலு கீறது எனுக்கே தெரியுது. நல்லா கீதான்னு கேட்டேன்."

"கீது மச்சி."

அவனை வெளியே கூட்டிவந்து விஷயத்தைச் சொன்னேன். சந்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் யோசனை சொன்னான். "வலிக்குதுன்னு சொல்லிடேன். மாதா இன்னா எக்ஸ்ரே எடுத்தா பாக்கப்போறா?"

என் சம்சாரத்திடம் வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் வலிக்கவில்லையே. இல்லாத வலியை இருக்கிறது என்று சொல்ல எனக்கும் பயமாக இருந்தது. சொன்னதை வைத்தே வலி திரும்ப வந்துவிட்டால்?

ஃபாதரிடம் போனேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "முடியாதவன் முட்டி போட வேணாம். பொருத்தனைய மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. அதுக்குப் பதிலா ஒரு ஜெபமாலை சொல்லு. ஒரு ஏழைக்குச் சாப்பாடு போடு. தீந்துச்சு."

வீட்டில் வந்து சொன்னேன்.

"நான் ஃபாதருக்கா நேர்ந்துகினேன்?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனாலும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு போட்டாள். அது தனி என்றாள்.

மறுபடி காட்டிவர ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்தது. தனியாகத்தான் போனேன். டாக்டர் மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவருக்குச் சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை. வெளியே பயிற்சிப் பெண் நின்றாள். அவளிடம் கேட்டேன்.

"முட்டி போட்டா உடஞ்சி போயிடுமாம்மா?"

"எதுக்கு ஐயா?"

"சும்மாதான்."

"உடையாது. கூசும், வலிக்கும். ஆனா டாக்டர் வேணாம்னா வேணாம்தான்."

"போடலாமா கூடாதா?"

அவள் யோசித்தாள். "கூடாது. ஆனா ஒருதடவை போட்டா ஒண்ணும் ஆகாது."

பஸ்ஸில் உட்கார்ந்து அதையே புரட்டிக்கொண்டு வந்தேன். கூடாது, ஆனால் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது, ஆனால் கூடாது. முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது பஸ் டோல்கேட்டில் நின்றது. இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது.

எதிர்ப்பக்கம் கன்டெய்னர் லாரிகள் முட்டிக்கொண்டு நின்றன. திரும்பிப் போகிற பஸ் ஒன்றும் அசையவில்லை. கொஞ்ச தூரம் நடப்போம், வழியில் ஏறிக்கொள்வோம் என்று நடந்தேன். லாரி நகரவில்லை. நானும் நிற்கவில்லை. மனசு முழுக்க அந்தப் பெண் சொன்னதுதான். சந்துக்குள் நுழைந்து, நாய் குரைத்து, வாசலில் அவள் நிற்பதைப் பார்த்த பிறகுதான் நின்றேன்.

"இந்நேரம் எங்க போன? பஸ்ஸு கெடைக்கலியா?"

"டோல்கேட்டுக்குப் போய்ட்டேன்."

"அங்கேந்து எதுல வந்த?"

யோசிக்காமல் சொன்னேன். "நடந்துதான்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. முன்னே எல்லாம் அந்தத் தூரம் நான் நினைக்கவே முடியாது. அவள் என் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"சனிக்கெழம காலீல போலாம்" என்றாள். "பூசை முடிஞ்சி ஆளுங்க போனதுக்கப்புறம்."



அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் கட்டில் மேல் முட்டி போட்டுப் பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வலிக்கவில்லை. யாரோ முட்டி போட்டிருக்கிறார்கள், அவர்கள் மேல் நான் நிற்கிறேன் என்கிற மாதிரி இருந்தது. இந்த முட்டி இரும்பு. நான் போட்டதாக இது கணக்கில் வருமா என்று ஒரு சந்தேகம். யாரிடம் கேட்பது? இறங்கி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

சனிக்கிழமை போனோம். பூசை முடிந்து கோயில் காலியாக இருந்தது. தரை துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. பீடம் ரொம்ப தூரத்தில் தெரிந்தது. சின்ன வயசிலிருந்து போகிற கோயில்தான். அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாசலில் நிறுத்தி ஒயர்க் கூடையிலிருந்து எதையோ எடுத்தாள். என் பழைய கைலியைக் கிழித்து, பஞ்சு வைத்துத் தைத்த ரெண்டு பட்டை. கட்டிக்கொள்ள நாடா வைத்திருந்தாள். எப்போது தைத்தாள் என்று தெரியவில்லை.

"கட்டிக்கோ. மாதாக்கு இது பெரிசா தெரியாது."

கட்டிக்கொண்டேன். தூணைப் பிடித்தேன். மடக்க வேண்டும். அப்போது பார்த்தால், எந்த முட்டியை முதலில் போடுவது என்று தெரியவில்லை. ஏற, இறங்கச் சொல்லித் தந்தாள் அந்தப் பெண். இதைச் சொல்லித் தரவில்லை. இடதைக் கொஞ்சம் மடக்கினேன். வலது நடுங்கியது. வலதை மடக்கப் போனேன். இடது பிடித்துக்கொண்டது. பாதியில் அப்படியே தூணோடு தொங்கிக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

"வுடு" என்றாள்.

"இரு, போட்றேன்."

"வுடுன்றேன்ல. நேர்ந்தது நானு."

பட்டையை அவிழ்த்து அவள் கட்டிக்கொண்டாள். சேலையைத் தூக்கிச் செருகி, தரையில் கை வைத்து இறங்கினாள். வாய்க்குள் மாதாவிடம் ஏதோ சொன்னாள். ஆள் மாறியதற்கு உத்தரவு கேட்டிருப்பாள்.

அவள் முட்டியால் நடந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன். அவளுக்கும் முட்டி அவ்வளவு நல்லது இல்லை. வயசில் தலையில் கூடை தூக்கித் தெருத்தெருவாக விற்ற முட்டிதான். பட்டை என் அளவுக்குத் தைத்தது. பாதி வழியில் ஒன்று நழுவியது. கொஞ்சம் தள்ளி இன்னொன்றும் நழுவியது. ரெண்டையும் குனிந்து பொறுக்கிக்கொண்டேன்.

"பட்டைய கட்டிக்க மே."

"பேசாத. எண்ணிக்கை வுட்டுப்போவும்." ஜெபமாலை சொல்லிக்கொண்டு போனாள்.

அவள் வேகத்துக்கு நடப்பது கஷ்டம். ஒரு அடி வைத்து நிற்க வேண்டும். அவள் வந்து சேர்ந்ததும் அடுத்த அடி. என் காலை நான் பார்க்கவே இல்லை. அவள் தலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பீடம் வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. பீடத்துக்கு முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தாள். அப்பவும் முடியவில்லை. என்னைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள்.

நான் காலை அகட்டி நின்றேன். மூட்டைக்கு நிற்கிற மாதிரி. கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். டக்கென்று சத்தம் வந்தது. கனம் முழுக்க முட்டிக்கு இறங்கியது. ரெண்டுக்கும் சமமாக இறங்கியது. ரெண்டும் தாங்கின. அவள் எழுந்து நின்றாள்.

"நல்லா கீது" என்றேன்.

"இன்னாது?"

"காலு. நல்லா ஆயிட்ச்சி."

மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "தோ, இப்ப சொல்லு. எனுக்கு முட்டி தோலு போனதுக்கப்புறம் சொல்லு. வாசல்லியே சொல்லியிருந்தா நீயே போயிருப்பியேய்யா."

மாதா முன்னால் சிரிக்கக் கூடாது என்று ரெண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

வெளியே வந்தோம். வாசலில் இறங்கப் படி. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"வலிக்கிற கால மொதல்ல வெய்யி" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே பாடம் அது.

அவள் குனிந்து ஒரு காலைப் பார்த்தாள். இன்னொரு காலைப் பார்த்தாள்.

"ரெண்டும் வலிக்குதே" என்றாள்.

நான் ஏற்கனவே ஒரு படி கீழே இறங்கியிருந்தேன். எந்தக் காலை முதலில் வைத்தேன் என்று கவனிக்கவில்லை. அங்கேயே நின்று கையை நீட்டினேன்.